ஆயிரம் பீப்பாய்

எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு ஆண்டுக்கு இரண்டு முறை நான் ஒரு வகுப்பு எடுக்க வேண்டும். ஆலையில் ஏதாவது விபரீதம் நடந்தால் பத்திரிகைக்காரர்களிடம் யார் பேசுவது, என்ன பேசுவது, எதைப் பேசக் கூடாது என்பதுதான் பாடம். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் வரும் வகுப்பு. பாதிப் பேருக்குக் கண் சொருகும். அதனால் முதல் ஐந்து நிமிடத்திலேயே ஒரு வீடியோவைப் போட்டுவிடுவேன்.

2010 மே 30. அமெரிக்காவின் லூசியானா மாநிலம். பிபி எண்ணெய் நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி டோனி ஹேவர்ட் டிவி கேமரா முன்னால் நிற்கிறார். மக்களின் வாழ்க்கையை இப்படிப் புரட்டிப் போட்டதற்கு வருந்துகிறோம் என்று ஒழுங்காகத்தான் ஆரம்பிக்கிறார். அப்புறம் சொல்கிறார்: இது முடிய வேண்டும் என்று என்னைவிட அதிகமாக ஆசைப்படுகிறவர் யாரும் இல்லை, எனக்கு என் வாழ்க்கை திரும்ப வேண்டும்.

வகுப்பில் எல்லோரும் சிரிப்பார்கள். நான் வீடியோவை நிறுத்திவிட்டு, "அந்த விபத்துல 11 பேர் செத்துப்போயிருந்தாங்க" என்பேன். சிரிப்பு நின்றுவிடும். அப்புறம் யாருக்கும் தூக்கம் வராது. பல ஆண்டுகளாக இதே வித்தைதான். ஒரு முறைகூடப் பொய்த்ததில்லை.

மூன்று ஆண்டுகளுக்கு முன்னால் சட்டப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண் கை தூக்கினார். "சார், இப்படிச் சொன்னதுக்காக பிபி எவ்வளவு அபராதம் கட்டினாங்க?"

"ஒண்ணும் கட்டலைம்மா. ஆனா அவருக்கு வேலை போச்சு."

"அப்போ எதுக்கு சார் அபராதம் கட்டினாங்க?"

பதில் தெரியும். ஆனால் அதை என் வகுப்பில் நான் ஒருநாளும் சொன்னதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அவர்கள் தண்டம் கட்டியது ஓர் எண்ணுக்காக. வாய் தவறி வந்த வார்த்தைக்கு அதில் பங்கே இல்லை.

சரி, கதையை முதலிலிருந்து சொல்கிறேன்.

லூசியானா கரையிலிருந்து ஏறக்குறைய 66 கிலோமீட்டர் தள்ளி, மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் என்ற மிதக்கும் ரிக், அதாவது எண்ணெய்க் கிணறு தோண்டும் மேடை, துளையிட்டுக்கொண்டிருந்தது. ரிக் டிரான்ஸ்ஓஷன் நிறுவனத்துடையது. கிணறு பிபியுடையது, மக்கோண்டோ என்று பெயர். கிணற்றுக்குச் சிமென்ட் போட்டது ஹாலிபர்ட்டன். அங்கே கடல் தரையே 1,500 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. அதற்கும் கீழே இன்னும் 4,000 மீட்டர் துளை. 2010 ஏப்ரல் 20 அன்று துளையிடும் வேலை முடிந்து, கிணற்றைத் தற்காலிகமாக மூடிவிட்டுக் கிளம்பும் கட்டத்தில் இருந்தார்கள். ஏழு ஆண்டுகள் வேலை நாள் இழக்கும்படியான விபத்து இல்லாமல் ஓடிய ரிக் என்பதற்காகப் பாராட்டுச் சொல்ல பிபி, டிரான்ஸ்ஓஷன் இரு நிறுவனங்களின் அதிகாரிகளும் அன்றைக்கு அங்கே வந்திருந்தார்கள். கதையில் எழுதினால் நம்ப மாட்டோம்.

மூடுவதற்கு முன்னால் ஒரு சோதனை உண்டு. கிணற்றின் மேலிருந்து அழுத்தத்தைக் குறைத்துப் பார்ப்பார்கள். கீழே சிமென்ட் சரியாகப் பிடித்திருந்தால் அழுத்தம் பூஜ்யத்தில் நிற்கும். அன்று நிற்கவில்லை. துளைக்குழாயில் 1,400 பிஎஸ்ஐ (அழுத்தத்தை அளக்கும் அலகு) காட்டியது. எண்ணெயும் வாயுவும் கீழிருந்து மேலே தள்ளுகின்றன என்பதைத் தவிர அதற்கு வேறு அர்த்தம் இல்லை. ஆனால் ரிக்கில் இருந்த சிலர் அதற்கு 'பிளாடர் எஃபெக்ட்' என்று ஒரு பெயர் சொன்னார்கள். துளையிடும்போது எண்ணெயை அமுக்கி வைக்க நிரப்பும் கனமான சேறு மேலே இருந்து ஒரு பையைப் போல அழுத்துவதால் மீட்டர் அப்படிக் காட்டுகிறதாம். அப்படி ஒரு விளைவே கிடையாது என்று பின்னால் விசாரித்தவர்கள் சொன்னார்கள். ஆனால் அந்த இரவில் அந்தப் பெயர் போதுமானதாக இருந்தது. இன்னொரு குழாயில் சோதித்தார்கள், அங்கே பூஜ்யம் காட்டியது, சரி என்று கிளம்பிவிட்டார்கள்.

இந்த இடத்தில் எனக்கு எப்போதும் ஒரு நெருடல் வரும். நிகழ்ந்ததை மழுப்புகிற வார்த்தைகளை எங்களைப் போன்ற பி.ஆர். (மக்கள் தொடர்பு) ஆட்கள்தான் தயாரிக்கிறோம் என்று பொறியாளர்கள் கேலி செய்வார்கள். மக்கோண்டோவில் முதல் மழுப்பல் வார்த்தை பிறந்தது ரிக்கின் மேல்தான். அப்போது வெடிப்பே நடந்திருக்கவில்லை.

இரவு பத்து மணி வாக்கில் வாயு மேலே வந்து பற்றிக்கொண்டது. ரிக்கில் இருந்த 126 பேரில் 11 பேரின் உடல்கூடக் கிடைக்கவில்லை. கடல் தரையில் கிணற்றின் தலையில் உட்கார்ந்திருந்த, கடைசி நேரத்தில் குழாயை வெட்டி மூட வேண்டிய ராட்சத வால்வு அடுக்கு வேலை செய்யவில்லை. இரண்டு நாள் எரிந்து, ஏப்ரல் 22 அன்று ரிக் மூழ்கியது.

இனி எண்.

முதலில், எண்ணெய் எதுவும் கசிவதாகத் தெரியவில்லை என்றார்கள். ஏப்ரல் 24 அன்று, நாளொன்றுக்கு 1,000 பீப்பாய் கசிகிறது என்றார்கள். ஒரு பீப்பாய் என்பது 159 லிட்டர். வீட்டில் தண்ணீர் பிடித்து வைக்கும் நீல டிரம்மைவிடக் கொஞ்சம் சிறியது. சென்னைக்காரர்களுக்கு வேறு மாதிரிச் சொல்கிறேன். 1,000 பீப்பாய் என்றால் 9,000 லிட்டர் தண்ணீர் லாரி பதினெட்டு. பெரிய ஒரு அடுக்குமாடிக் குடியிருப்புக்குக் கோடையில் வந்து போவதுதான். பயப்படும்படி இல்லை.

ஏப்ரல் 28 அன்று அது 5,000 ஆனது. கடல் மேற்பரப்பில் படர்ந்த எண்ணெயின் பரப்பையும் நிறத்தையும் வைத்து அரசு விஞ்ஞானி ஒருவர் போட்ட தோராயக் கணக்கு அது. இங்கே நியாயமாகப் பேச வேண்டும். அந்த 5,000த்தை பிபி மட்டும் பிடித்துத் தொங்கவில்லை. அமெரிக்க அரசும் ஒரு மாதம் அதையே திரும்பத் திரும்பச் சொன்னது. ஆனால் கடலுக்கடியில் ரோபோ வாகனங்கள் இருந்தன, அவற்றில் கேமராக்கள் இருந்தன, உடைந்த குழாயிலிருந்து எண்ணெய் பீய்ச்சி அடிப்பதை இருபத்து நான்கு மணி நேரமும் பிபியின் ஹூஸ்டன் அலுவலகத்தில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே யாருக்கும் அந்தக் காட்சி கிடைக்கவில்லை.

மே 12 அன்று, நெருக்கடி தாங்காமல் முப்பது விநாடிக் காட்சி ஒன்றை வெளியிட்டார்கள். முப்பது விநாடிதான். பர்டியூ பல்கலைக்கழகத்தின் ஸ்டீவ் வெர்லி என்ற பொறியியல் பேராசிரியர் அதை வைத்து, குழம்பிப் புரளும் எண்ணெயின் ஒவ்வொரு துணுக்கும் எவ்வளவு வேகத்தில் நகர்கிறது என்று கணினியில் கணக்குப் போட்டார். நாளொன்றுக்கு ஏறக்குறைய 70,000 பீப்பாய் என்று வந்தது.

பிபியின் பதில் என்ன தெரியுமா? இதைத் துல்லியமாக அளக்க வழியில்லை, தவிர எங்கள் கவனம் கசிவை அடைப்பதில், அளப்பதில் அல்ல என்ற தொனியில் இருந்தது. நம்மூரில் 'அளக்கிறான்' என்பதற்கு வேறு பொருளும் உண்டு. எண்ணெயை அளக்க மாட்டோம் என்று அவர்கள் அளந்துகொண்டிருந்தார்கள்.

நாடாளுமன்ற உறுப்பினர் எட் மார்க்கி விடாமல் துரத்தியதால் கடலடிக் காட்சி நேரலையாக இணையத்துக்கு வந்தது. அதன்பின் எந்த அறிக்கையும் எடுபடவில்லை. ஒரு பழுப்பு நிறத் தூண் கடலுக்குள் ஓயாமல் கொப்பளிப்பதை அலுவலக மேசையில் உட்கார்ந்தபடி உலகம் பார்த்தது. நானும் பார்த்தேன். டிவி செய்திகளின் மூலையில் ஒரு சின்னப் பெட்டியில் அது ஓடிக்கொண்டே இருக்கும். பேசுகிறவர் என்ன பேசினாலும் கண் அங்கேதான் போகும்.

மே 27: 12,000 முதல் 19,000. ஜூன் நடுவில்: 35,000 முதல் 60,000. ஜூலை 15 அன்று, 87 நாள் கழித்து, ஒருவழியாகக் கிணற்றின் வாயை மூடினார்கள். ஆகஸ்டில் அரசு விஞ்ஞானிகள் இறுதிக் கணக்கைச் சொன்னார்கள். ஆரம்பத்தில் நாளொன்றுக்கு 62,000, முடிவில் 53,000; மொத்தம் 49 லட்சம் பீப்பாய். பதினெட்டு லாரி என்று சொன்ன நாளில் ஓடிக்கொண்டிருந்தது ஆயிரத்துத் தொண்ணூற்றைந்து லாரி.

எண்ணைக் குறைத்துச் சொல்வதில் அப்படி என்ன லாபம்? மானம் காப்பது என்றுதான் நான் பல காலம் நினைத்திருந்தேன். அந்தச் சட்டப் பிரிவுப் பெண் கேட்ட பிறகுதான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அமெரிக்காவின் தூய நீர்ச் சட்டத்தில் அபராதம் பீப்பாய்க் கணக்கு. அப்போது சாதாரணக் கசிவு என்றால் பீப்பாய்க்கு 1,100 டாலர் வரை. மிக மோசமான அலட்சியம் என்று நிரூபணமானால் 4,300 டாலர் வரை. நாளுக்கு 1,000 பீப்பாய் வீதம் 87 நாள், சாதாரணத் தவறு என்று வைத்தால் பத்துக் கோடி டாலர்கூட வராது. 49 லட்சம் பீப்பாய், மோசமான அலட்சியம் என்றால் 2,100 கோடி டாலர். செய்திக்குறிப்பின் இரண்டாம் பத்தியில் போகிற போக்கில் வந்து உட்காரும் ஓர் எண்ணுக்கு இவ்வளவு விலை. அந்தக் குறிப்பைத் தட்டச்சு செய்தவருக்கு இது தெரிந்திருக்குமா என்று யோசிப்பேன். அவருக்கு மேலே இருந்தவருக்கு நிச்சயம் தெரிந்திருக்கும்.

2012 நவம்பரில் பிபி 14 குற்றங்களை ஒப்புக்கொண்டது. 11 பேர் சாவுக்காக 11. மீதியில் ஒன்று, கசிவின் அளவைப் பற்றி அமெரிக்க நாடாளுமன்றத்திடம் உண்மையை மறைத்தது. குற்றவியல் அபராதமும் மற்றதும் சேர்த்து 400 கோடி டாலர். தனியாக, முதலீட்டாளர்களிடம் இதே அளவைப் பற்றித் தவறாகச் சொன்னதற்காகப் பங்குச் சந்தை ஆணையத்துக்கு 52.5 கோடி டாலர். 5,000 பீப்பாய் என்று அறிக்கை தாக்கல் செய்த நாட்களில், 1,46,000 வரைகூடப் போகலாம் என்று சொல்லும் தரவு நிறுவனத்துக்குள்ளேயே இருந்தது என்றது ஆணையம். இந்த எண் விவகாரத்தில் தனிப்பட்ட முறையில் குற்றம் சாட்டப்பட்ட ஓர் அதிகாரி 2015இல் விடுதலை ஆனார். அதையும் சொல்லிவிட வேண்டும்.

பணத்தைவிட என்னை உலுக்கியது வேறொன்று. மே மாதக் கடைசியில் 'டாப் கில்' என்று ஒரு முயற்சி செய்தார்கள். மேலிருந்து கனமான சேற்றை அதிவேகத்தில் செலுத்தி எண்ணெயைக் கீழே அமுக்குவது. வெற்றி வாய்ப்பு அறுபது முதல் எழுபது சதவீதம் என்று ஹேவர்ட் டிவியில் சொன்னார். கசிவு ஓர் அளவுக்கு மேல் இருந்தால் இந்த முறை பலிக்காது. மூன்று நாள் போராடினார்கள். முதல் நாள் முடிந்த இரவில் பிபியின் பொறியாளர் ஒருவர் மேலதிகாரிக்குச் செல்போனில் செய்தி அனுப்பினார்: பாய்ச்சல் மிக அதிகம், 15,000க்கும் மேல். வெளியே அப்போதும் 5,000தான். உள்ளே இருந்தவர்களுக்கு வாயில் ஓர் எண், கையில் ஓர் எண்.

சரி, அந்தப் புகழ்பெற்ற உளறல்களுக்கு வருவோம். வராமல் போனால் நீங்கள் விட மாட்டீர்கள்.

மே நடுவில் ஹேவர்ட் ஓர் ஆங்கில நாளிதழிடம் சொன்னார்: மெக்சிகோ வளைகுடா மிகப் பெரிய பெருங்கடல், மொத்தத் தண்ணீரோடு ஒப்பிட்டால் நாங்கள் விடும் எண்ணெயும் கரைப்பான் மருந்தும் மிகச் சிறியது. கடலில் கரைத்த பெருங்காயம் என்கிறார். வளைகுடாவைப் பெருங்கடலாக்கியது கூடுதல் சிறப்பு. கணக்காகப் பார்த்தால் அவர் சொன்னது பொய்கூட இல்லை. ஆனால் எண்ணெய் கடல் முழுக்கச் சமமாகப் பரவி நிற்பதில்லையே. அது கரைக்கு வருகிறது, சதுப்புப் புல்லில் ஒட்டுகிறது, சிப்பிப் படுகையில் படிகிறது, பெலிக்கன் இறகில் ஏறுகிறது. வகுத்துப் பார்க்கிற எண்ணைத் தேர்ந்தெடுக்கும் உரிமை யாருக்கு இருக்கிறதோ அவருக்கு எந்த விபத்தும் சின்ன விபத்துதான். நாலு நாள் கழித்து, சுற்றுச்சூழல் பாதிப்பு மிக மிகச் சொற்பமாக இருக்கும் என்றும் சொன்னார்.

அதற்கு முன்பே, மே ஆரம்பத்தில், இது எங்கள் விபத்து இல்லை என்று சொல்லியிருந்தார். ரிக் அவர்களுடையது, ஆட்கள் அவர்களுடையவர்கள், நடைமுறைகள் அவர்களுடையவை. எண்ணெய்க்கு மட்டும் நாங்கள் பொறுப்பு. மே 11 அன்று மூன்று நிறுவனங்களின் அதிகாரிகளும் செனட் குழுவின் முன்னால் வரிசையாக உட்கார்ந்து ஒருவர் அடுத்தவரைக் காட்டினார்கள். பிபி டிரான்ஸ்ஓஷனை, டிரான்ஸ்ஓஷன் சிமென்ட்டை, ஹாலிபர்ட்டன் பிபியை. கேலிக்கூத்து என்றார் அதிபர் ஒபாமா. நாலு ஆண்டு கழித்து நீதிபதி கார்ல் பார்பியர் அதே கேள்விக்குச் சதவீதத்தில் பதில் எழுதினார்: பிபி 67, டிரான்ஸ்ஓஷன் 30, ஹாலிபர்ட்டன் 3.

'நியாயமான கோரிக்கைகள் அனைத்துக்கும் இழப்பீடு தருவோம்' என்று பிபி ஆரம்பத்திலிருந்தே சொல்லிவந்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு அந்த முதல் வார்த்தை மட்டும்தான் கண்ணில் படும். எது நியாயம் என்று யார் சொல்வது? அது வக்கீல் வைத்த வார்த்தை. எந்த அறிக்கையில் இருந்தாலும் எனக்குத் தெரிந்துவிடும், இட்லி மாவில் சோடா உப்பு போட்டிருப்பது நாக்குக்குத் தெரிவதைப் போல. இத்தனைக்கும் அந்த விஷயத்தில் பிபி கையைச் சுருக்கவில்லை. சட்டப்படி அப்போது 7.5 கோடி டாலர் இழப்பீட்டு உச்சவரம்பு இருந்தது; அதைப் பிடித்துக்கொள்ளாமல், வெள்ளை மாளிகையின் அழுத்தத்தில் 2,000 கோடி டாலரை நிதியாக ஒதுக்க ஒப்புக்கொண்டது.

ஒப்புக்கொண்ட அன்று, ஜூன் 16, நல்ல பெயர் வாங்கியிருக்க வேண்டிய நாள். நிறுவனத் தலைவர் கார்ல் ஹென்ரிக் ஸ்வான்பெரி வெளியே வந்து, எங்களைப் பேராசைக்காரர்கள் என்கிறார்கள், அப்படி இல்லை, 'சின்ன மனிதர்கள்' மேல் எங்களுக்கு அக்கறை உண்டு என்றார். வளைகுடாக் கரை முழுக்கக் கொதித்தது. யாரடா சின்ன மனிதன்? எனக்கு இந்த மனிதர் மேல் மட்டும் கொஞ்சம் பரிதாபம் உண்டு. அவர் சுவீடன்காரர். தாய்மொழியில் யோசித்து அந்நிய மொழியில் பேசினார். 'சாமானியர்' என்று தமிழில் சொன்னால் மரியாதை இருக்கிறது, 'சின்ன ஆளுங்க' என்றால் அடிக்க வருவார்கள். அந்த வித்தியாசம் இன்னொரு மொழியில் எங்கே ஒளிந்திருக்கிறது என்று பிழைப்புக்காக ஆங்கிலம் பேசுகிற நமக்கெல்லாம் தெரியும், தெரியாமலும் போகும்.

ஹேவர்டுக்கு அந்தச் சலுகை தர முடியாது. மறுநாள் நாடாளுமன்ற விசாரணையில், அந்த முடிவுகளை எடுத்ததில் எனக்குப் பங்கில்லை என்பதையே பல விதமாகத் திருப்பித் திருப்பிச் சொன்னார். அதற்கு இரண்டு நாள் கழித்து இங்கிலாந்தில் ஒயிட் தீவைச் சுற்றிப் பாய்மரப் படகுப் பந்தயம் பார்க்கப் போய்விட்டார். அவருடைய படகும் அதில் ஓடியது. ஜூலைக் கடைசியில் பதவி விலகல் அறிவிப்பு வந்தது.

இடையில் மன்னிப்புக் கேட்கும் டிவி விளம்பரம் வந்தது, பத்திரிகைகளில் முழுப்பக்கம் வந்தது. 'எண்ணெய்க் கசிவு' என்று கூகுளில் தேடினால் பிபியின் பக்கம் முதலில் வரும்படி பணம் கட்டினார்கள். மறுபக்கம், பிபியின் பி.ஆர். துறை என்று சொல்லிக்கொண்டு யாரோ தொடங்கிய கேலி ட்விட்டர் கணக்குக்கு அசல் கணக்கைவிடப் பல மடங்கு கூட்டம் சேர்ந்தது. ஹூஸ்டன் கட்டுப்பாட்டு அறையில் எல்லாத் திரைகளிலும் கடலடிக் காட்சி ஓடுவதாக ஒரு படம் வெளியிட்டார்கள். காலியாக இருந்த திரைகளில் போட்டோஷாப்பில் ஒட்டியது என்று ஒரு வலைப்பதிவர் கண்டுபிடித்தார். எங்கள் துறை ஆட்கள் இதையெல்லாம் மணிக்கணக்கில் பேசுவார்கள். ருசியான கதைகள். நானும் இவற்றைத்தான் கற்பித்தேன்: கேமரா முன் தன்னைப் பற்றிப் பேசாதே, விடுமுறை எடுக்காதே, படத்தைத் திருத்தாதே. பத்து ஆண்டுகளுக்கு மேல் அந்த வகுப்பை எடுத்தவன் 1,000 பீப்பாயைப் பற்றி ஒரு ஸ்லைடுகூட வைக்கவில்லை.

ஏனென்றால் எண்ணை மாற்றச் சொல்ல எங்களுக்கு அதிகாரம் இல்லை. உளறாமல் பேசச் சொல்லிக்கொடுக்கத்தான் சம்பளம்.

ஜூன் 15 விசாரணையில் வந்த ஒரு விவரம் போதும் இதைக் காட்ட. எண்ணெய் நிறுவனங்கள் அரசிடம் முன்கூட்டியே கொடுத்திருந்த, கசிவு நேர்ந்தால் சமாளிக்கும் திட்டங்களை எடுத்துப் பார்த்தார்கள். மெக்சிகோ வளைகுடாவுக்கான பிபியின் திட்டத்தில், காப்பாற்ற வேண்டிய விலங்குகளின் பட்டியலில் வால்ரஸ் இருந்தது. வால்ரஸ் ஆர்க்டிக் பனியில் வாழ்வது. வளைகுடாவின் வெந்நீர்க் கடலில் அதற்கு என்ன வேலை? எங்கிருந்தோ வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். மற்ற பெரிய நிறுவனங்கள் மூன்றின் திட்டங்களிலும் அதே வால்ரஸ். அவசரத்துக்கு அழைக்க வேண்டிய நிபுணர் ஒருவர் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே காலமாகியிருந்தார். எக்ஸான் மொபிலின் திட்டத்தில் ஊடகங்களை எப்படிக் கையாள்வது என்பதற்கு 40 பக்கம். எண்ணெயை அள்ளுவதற்கு 9 பக்கம். இயற்கை வளங்களைக் காப்பதற்கு 5 பக்கம்.

அந்த 40 பக்கத்தை எழுதுகிற ஆள் நான்.

முதல் நாள் சொல்வது காசு விஷயம் மட்டும் என்று நினைத்தால் போபாலை நினைத்துக்கொள்ளுங்கள். 1984 டிசம்பர் 2 இரவு யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து சுமார் 40 டன் மெத்தில் ஐசோசயனேட் வெளியேறியது. கண் எரிந்து, நுரை தள்ளி ஆயிரக்கணக்கானோர் ஆஸ்பத்திரிகளுக்கு வந்தபோது என்ன விஷம், என்ன மருந்து என்று டாக்டர்களுக்குத் தெரியவில்லை. ஆலை மருத்துவர் தரப்பிலிருந்து கிடைத்த பதில், அது கண்ணீர்ப்புகை மாதிரி எரிச்சலூட்டும் வாயுதான், கண்ணைத் தண்ணீரில் கழுவி ஈரத்துணி போடுங்கள் என்பது. நுரையீரல் உள்ளுக்குள் கரைந்துகொண்டிருந்தவர்களுக்குக் கண் சொட்டு மருந்து விட்டார்கள். அங்கே எண்ணுக்குப் பதில் ஒரு 'மாதிரி' இருந்தது. சின்னதாக்குகிற வேலையை அதுவும் செய்தது.

நம்மூரிலும் 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. எண்ணெய் மாசு எதுவும் இல்லை என்று துறைமுகத்தின் முதல் அறிக்கை சொன்னது. அடுத்த சில நாட்களில் பிளாஸ்டிக் வாளியோடு பாறைகளின் மேல் நின்று கருந்தாரை அள்ளிக்கொண்டிருந்த மனிதர்களின் படம் எல்லோருக்கும் நினைவிருக்கும்.

இதையெல்லாம் எழுதுகிறவன் உத்தமன் இல்லை. முன்பு நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தின் ஆலையில், பெயர் வேண்டாம், ஒரு விடியற்காலையில் வாயுக் குழாய் ஒன்று உடைந்தது. எனக்குப் போன் வந்தபோது மணி நாலே முக்கால். ஐந்தேகாலுக்கெல்லாம் அறிக்கை தயார். மாதிரிப் படிவம் லேப்டாப்பில் இருந்ததே. 'இன்று அதிகாலை எங்கள் ஆலையில் சிறிய அளவிலான கசிவு ஏற்பட்டது. நிலைமை முழுக் கட்டுப்பாட்டில் உள்ளது. ஊழியர்களின் பாதுகாப்பே எங்கள் முதல் நோக்கம்.' தேதியை மட்டும் மாற்றினேன். அனுப்புவதற்கு முன்னால் ஒரு சம்பிரதாயத்துக்காக ஷிப்ட் இன்சார்ஜைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன். எதிர்முனையில் மூச்சிரைப்பு கேட்டது. முகமூடியைக் கழற்றிவிட்டுப் பேசுகிறார் போல.

"சார், நான் இன்னும் உள்ளயே போகலை. நீங்க அதுக்குள்ள சின்னதுன்னு எழுதிட்டீங்களா?"

நல்லவேளையாக அன்று யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கசிவு உண்மையிலேயே சிறியதுதான் என்று பத்து மணிக்குத் தெரிந்தது. அறிக்கையோ ஐந்தரைக்கே போயிருந்தது. அவர் கேட்டதற்கு என்ன பதில் சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன், அதற்குத்தானே நான்.

இப்போது என் வகுப்பில் ஹேவர்ட் வீடியோவைக் கடைசியில் போடுகிறேன். ஆரம்பத்தில் கரும்பலகையில் 1,000, 5,000, 62,000 என்று மூன்று எண்களை எழுதிவிட்டு, ஒவ்வொன்றையும் யார், எப்போது, எதைப் பார்த்துச் சொன்னார்கள் என்று கேட்கிறேன். தூங்குகிறவர்களின் எண்ணிக்கை கூடியிருக்கிறது. அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

எங்கள் மாதிரிப் படிவத்தில் 'சிறிய அளவிலான' என்று இருந்த இடத்தில் ஒரு கோடு போட்டு, ஓரத்தில் 'உள்ளே போய்ப் பார்த்தவரின் பெயர், நேரம்' என்று இரண்டு கட்டங்கள் சேர்த்திருக்கிறேன். ஆண்டுதோறும் படிவம் ஒப்புதலுக்குச் சட்டப் பிரிவுக்குப் போகும்போது அந்தக் கோட்டின் மேல் யாராவது பென்சிலில் 'குறைந்த அளவு' என்று எழுதி அனுப்புகிறார்கள். நான் ரப்பரால் அழித்துவிட்டுத் திருப்பி அனுப்புவேன். இந்த ஆண்டு அது திரும்பி வந்தபோது நான் அக்கா மகள் கல்யாணத்துக்காக மதுரையில் இருந்தேன். வந்து பார்த்தபோது முப்பத்தாறு பிரதி அச்சாகி, ஆலைக்கு ஒன்றாகப் போய்ச் சேர்ந்திருந்தது.